எட்டுப்பட்டை வெண்டைக்குப் போட்ட கஞ்சி

என் வீட்டுக்காரருக்குப் பூசணம் என்றால் ஆகாது. ஊறுகாய்ப் பாட்டிலின் மூடிக்கு அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தால் போதும், பாட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். மழைக்காலத்தில் பீரோவைத் திறந்து என் பட்டுப்புடவைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறாள்.

இதற்கெல்லாம் நான் கோபப்படக் கூடாதுதான். வேலைக்காலம் முழுக்க அவர் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு சைசிங் ஆலையில் நூலுக்குக் கஞ்சி போட்டவர். பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளுக்குப் போகும் பாவு நூலைக் கஞ்சியில் முக்கி, சூடான உருளைகள் மேல் ஓடவிட்டுக் காயவைக்கிற வேலை. கஞ்சி சரியாக ஏறினால்தான் நூல் தறியில் அறாமல் நிற்கும். ஐப்பசி மழையில் கஞ்சி போட்ட நூலில் பூசணம் பூத்துவிட்டால், சுற்றி அனுப்பிய பாவு மொத்தமும் ஆலைக்கே திரும்பி வந்துவிடும். அப்படி வந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். பூசணம் அவருக்கு ஜென்மப் பகை.

அப்படிப்பட்ட மனுசன் இருக்கிற வீட்டுக்குள் நான் பூசணத்தைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

எங்களுக்குச் சோழபுரம் போகிற வழியில் கிணற்றோடு கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதில் கத்தரி, கொத்தவரை, வெண்டை, பாகல் என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். ‘போடுகிறேன்’ என்று ஒருமையில் சொல்வது வேண்டுமென்றேதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்ததிலிருந்து அவர் யாரிடம் பேசினாலும் ‘நம்ம தோட்டம்’, ‘நாம போட்ட வெண்டை’ என்கிறார். வரப்பில் நின்று யோசனை சொல்வதும் ஒரு விவசாயம் என்றால் அவரும் விவசாயிதான்.

முந்திய வருடத்து ஆடிப் பட்டத்தில் எங்கள் வெண்டை எல்லாம் கன்றிலேயே போனது. முதல் நாள் இரண்டு இலையை விரித்துக்கொண்டு நிமிர்ந்து நின்ற கன்று மறுநாள் காலையில் தரையில் படுத்துக் கிடக்கும். பிடுங்கிப் பார்த்தால் தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் இற்றுப்போயிருக்கும். மறுபடி ஊன்றினேன். மறுபடி படுத்தது. மண்ணில் இருக்கிற பூஞ்சை செய்கிற வேலை அது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண்மைத் துறை நடத்திய பயிற்சிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாடம் எடுத்த அதிகாரி சின்ன வயதுப் பெண். அதற்கு மாற்று சொன்னாள். நல்ல பூஞ்சை என்று ஒன்று இருக்கிறது, டிரைக்கோடெர்மா என்று பெயர், பொடியாகக் கிடைக்கும். வடித்து ஆறவைத்த அரிசிக் கஞ்சியில் அந்தப் பொடியைக் குழைத்து விதைமேல் பூச வேண்டும். நிழலில் உலர்த்தி, காலம் கடத்தாமல் ஊன்றிவிட வேண்டும். விதை முளைக்கும்போது அந்தப் பூஞ்சையும் வேரோடு சேர்ந்து வளர்ந்து, கெட்ட பூஞ்சையை அண்டவிடாது. விதைக்குக் காவலாள் போட்டு அனுப்புகிற மாதிரி என்றாள். எனக்கு அது மனதில் பதிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நல்ல பூசணம் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதை நம்புவதற்கு அவர் தயாராக இல்லை. அரசாங்கத்தில் எதையாவது சொல்லுவான், நீயும் தலையாட்டிட்டு வந்திருக்க என்றார். உயிருள்ள பொடி, வெயிலில் வைத்தால் செத்துவிடும் என்று நான் சொன்னபோது சிரித்தே விட்டார். மருந்துக்கு ஏது உயிர் என்பது அவர் கேள்வி.

முதல் தடவை கொத்தவரை விதைக்குப் பூசினேன். சாதம் வடித்த கஞ்சியை ஆறவிட்டு, பொடியைக் கலந்து, விதையைப் போட்டுக் கையால் புரட்டி, சாக்கின் மேல் பரப்பி வைத்தேன். அவர் வந்தார். குனிந்து ஒரு விதையை எடுத்தார். கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துவிட்டு விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார். விரல் நுனியில் பொடி அப்பியிருந்தது.

“ஒட்டலட்டி,” என்றார்.

கொஞ்சம் உதிரத்தான் செய்யும், ஒட்டினவரைக்கும் போதும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள் என்றேன். அவர் காதில் ஏறவில்லை. ஆலையில் கஞ்சி உதிர்கிற நூலை என்ன சொல்வார்கள், அதைப் போட்டவனை என்ன சொல்வார்கள் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் கொத்தவரை நன்றாகவே வந்தது. அங்கங்கே ஒன்றிரண்டு போனதைத் தவிர கன்று எல்லாம் நின்றது. ஆனால் அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. காய் பறிக்கிற நாளிலும் வரப்பில் நின்றுகொண்டு, ‘கஞ்சி மட்டும் கெட்டியா இருந்திருந்தா’ என்றார். எனக்குக் கையிலிருந்த கூடையை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று வந்தது.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சி வந்தாள். கூமாப்பட்டியில், எங்கள் அம்மா வீட்டு நிலத்தில், அவள்தான் விவசாயம் பார்க்கிறாள். அங்கே மலைத்தண்ணீரில் விளைகிற எட்டுப்பட்டை வெண்டை ஒன்று உண்டு. காய் குட்டையாக, பருமனாக, பட்டை பட்டையாக இருக்கும். வதக்கினால் கொழகொழப்பு சீக்கிரம் அடங்கிவிடும். கடையில் விற்கிற விதையில் அந்த ருசி கிடையாது. வருடா வருடம் அவள்தான் விதைக்கு முற்றவிட்டு எடுத்து வைப்பாள். நான் ஒரு கை அள்ளிக்கொண்டு வருவேன். படுத்துப் போன என் வெண்டையும் அதுதான்.

அந்த வருடம் காட்டுப்பன்றிகள் இறங்கி, விதைக்கென்று விட்டிருந்த செடிகளை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போயிருந்தன. வேலியோரம் தப்பிய சில செடிகளில் கிடைத்ததை ஒரு டம்ளரில் போட்டு, துணியால் வாய்கட்டி எடுத்து வந்திருந்தாள். அவளிடமும் வேறு கிடையாது, என்னிடமும் கிடையாது. வேறு யாரிடம் இருக்கும் என்றும் தெரியாது.

“இம்புட்டுதான்க்கா இருக்கு,” என்றாள். “நீ படிச்சிட்டு வந்தியே, அந்தப் பூச்சைப் பூசிக் குடு. தேருக்கு வரும்போது வாங்கிக்கிடுதேன்.”

ஆடிப்பூரத்துத் தேருக்கு அவள் எப்படியும் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவாள். தேர் முடிந்த கையோடு ஊன்றினால் பட்டம் சரியாக இருக்கும். நான் அந்த டம்ளரைச் சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். அவருக்கும் காட்டி, இது தங்கச்சியோடது, இதில் கை வைக்கக் கூடாது என்று சொன்னேன். சரி சரி என்றார். இத்தனை வருடம் கூட இருந்தும், அந்தச் ‘சரி சரி’க்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்கவில்லை.

பழைய பொடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆனால் அதற்கு நாள் கடந்துவிட்டது. தங்கச்சி விதைக்குப் புதுசாகப் போட வேண்டும் என்று கிளம்பினேன். வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருப்பு இல்லை, திங்கள்கிழமை வரும் என்றார்கள். திங்கள்கிழமை போனால், வந்தது, தீர்ந்துவிட்டது என்றார்கள். ராஜபாளையத்தில் ஒரு கடையில் தூசி தட்டி ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்கள். திருப்பிப் பார்த்தால் என் வீட்டில் கிடப்பதைவிடப் பழசு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் இருந்தவர் என்னை உட்காரவைத்து, கம்பெனி வெண்டை விதை டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். ஒவ்வொரு விதையும் பச்சை நிறத்தில் மினுமினுவென்று இருந்தது. எல்லாம் கோட்டிங் பண்ணியே வருதுக்கா, நீங்க எதுக்குக் கஞ்சி காய்ச்சிட்டு அலையுதீங்க என்று சிரித்தார். எனக்கு வேண்டியது பொடி என்றேன். பொடி கேட்டு யார் வருகிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். கடைசியில் பயிற்சியில் பழக்கமான ஒருத்தர் தேவதானத்தில் தன் வீட்டில் வைத்திருப்பதாகச் சொல்ல, பஸ் மாறிப் போய், அவர் தோட்டத்திலிருந்து வரும்வரை காத்திருந்து, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கால் வீங்கியிருந்தது. வழியெல்லாம், இந்த நாட்டில் நல்லது செய்ய நினைத்தால் எத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்று பொருமிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அவர் குளித்து, திருநீறு பூசி, சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். முன்னால் சுளகு. சுளகில் வெண்டை விதை.

எப்போதும் மங்கலாக, கரும்பச்சையாக இருக்கிற விதை அது. அன்றைக்கு ஒவ்வொன்றும் மாத்திரை மாதிரி உருண்டு, வழவழவென்று, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தது. நான் பேசுவதற்குள் ஒரு விதையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தேய்த்துப் பார் என்றார். தேய்த்தேன். விரலில் ஒன்றும் வரவில்லை. அழுத்தித் தேய்த்தேன். அப்போதும் வரவில்லை.

நான் வெளியே போன நேரம் பார்த்து அவர் பழைய ஆலைக்குப் போயிருக்கிறார். தூக்குவாளியில் சைசிங் கஞ்சி வாங்கி வந்து, வீட்டிலிருந்த பழைய பொடியை அதில் கலந்து, விதையைப் புரட்டி, மின்விசிறிக் காற்றில் காயவைத்திருக்கிறார். ஆலையில் இப்போது இருக்கிற பையன்கள் எல்லாரும் எழுந்து நின்றார்களாம். கஞ்சி பதத்தை அவரிடம் காட்டிச் சரியா என்று கேட்டார்களாம். இதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த விதைகளைப் பார்த்து எனக்கே ஆசையாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் காட்டியதைவிட இது நேர்த்தி. தங்கச்சி பார்த்தால் அசந்துபோவாள் என்று நினைத்தேன். கை வைக்காதே என்று சொன்னேனே என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு, காலுக்குச் சுடுதண்ணீர் வைக்கப் போனேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் விதையை எடுத்து ஈரத்துணியில் முடிந்து முளைக்கிறதா என்று பார்த்தேன். எங்கள் வீட்டில் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமில்லை. கரித்துணியும் அதுதான், காப்பி வடிகட்டுவதும் அதுதான். நனைத்து, சுற்றி, சமையலறை மூலையில் வைத்தேன். வெண்டை முளை விடுகிற நாள் வந்தது. பிரித்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. இன்னும் ஒரு நாள் பொறு என்றார் அவர். பொறுத்தேன். மறுபடி பிரித்தேன். துணிதான் சொதசொதவென்று நனைந்திருந்தது, விதை மாத்திரை போலவே கிடந்தது. ஒன்றைக் கத்தியால் பிளந்தேன். உள்ளே காய்ந்த பருப்பு. ஒரு சொட்டு ஈரம் இறங்கவில்லை.

அப்போதுதான் கேட்டேன், அந்தக் கஞ்சியில் என்னென்ன போட்டிருக்கிறது என்று.

“மரவள்ளி மாவு, பிசின், நூல் வழுக்கிட்டு ஓடுறதுக்குக் கொஞ்சம் மெழுகு,” என்றார். நான் கேட்காமலே மேலும் சொன்னார், அதுவும் பெருமையாக: “பொறவு பூசணம் புடிக்காம இருக்க மருந்து. அதைப் போட்டுட்டா ஒரு மழைக்காலம் முழுக்க வச்சிருந்தாலும் ஒண்ணும் அண்டாது.”

பஸ் மாறி மாறி அலைந்து நான் எந்தப் பூஞ்சையைத் தேடினேனோ, அதே பூஞ்சையின் பழைய பொடியை, பூஞ்சையைக் கொல்கிற மருந்தில் குழைத்திருக்கிறார். காவலாளைக் கொன்று, கொன்றவனையே காவலுக்கு வைத்து, கதவை மெழுகால் அடைத்திருக்கிறார். தண்ணீர் உள்ளே போக வழியில்லை. முளை வெளியே வர வழியில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் கொடுமை. சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் எனக்கு என்ன ஆயிற்று என்று பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் மெழுகை மட்டும் ஒத்துக்கொண்டார். மருந்தை ஒத்துக்கொள்ளவில்லை. அழுகாமல் இருக்கத்தானே பூசுகிறோம், மருந்து கூடினால் நல்லதுதானே என்றார். நான் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அந்தப் பொடியே பூசணம்தான் என்று மூன்றாம் முறை சொன்னபோது, அவர் முகத்தில் அது மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். போகட்டும் என்றிருந்தேன். தேருக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டம்ளர் நிறைய மாத்திரையை வைத்துக்கொண்டு தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்றுதான் என் மனதில் ஓடியது.

சாயங்காலம் வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

“துணியில இருந்து கஞ்சியை எடுக்கிறதும் ஒரு வேலைதானட்டி,” என்றார். “எடுக்காட்டா பேண்டேஜ் ரத்தத்தை உறிஞ்சாது. வெளுக்கிறவன்கிட்ட கேட்டுட்டு வாரேன். சோடா போட்டுக் கொதிக்க வச்சா வந்துருமாம்.”

உறிஞ்சாது என்று தெரிந்திருக்கிறது! கஞ்சி இருக்கும்வரை துணி தண்ணீர் குடிக்காது என்று தெரிந்த மனுசன், அதே கஞ்சியை விதைக்குப் போட்டிருக்கிறார். அதற்குப் பரிகாரமாக இப்போது விதையைச் சோடாவில் வேகவைக்கலாம் என்கிறார். நான் அந்தப் பொட்டலத்தை வாங்கி, அவர் கைக்கு எட்டாத பரண்மேல் போட்டேன்.

பயிற்சியில் பாடம் எடுத்த பெண்ணுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். எதுக்கும்மா அப்படிச் செஞ்சீங்க என்று கேட்டாள். அந்தச் ‘செஞ்சீங்க’வில் நானும் இருந்தேன். நான் இல்லை, அவர்தான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மணலோடு சேர்த்து மெதுவாகத் தேய்த்துப் பூச்சை எடுத்துப் பாருங்கள், எவ்வளவு பிழைக்கும் என்று தெரியாது என்றாள்.

அப்புறம் உட்கார்ந்து தேய்த்தோம். நான் மணலைச் சலித்துத் தந்தேன். அவர் ஒரு கை விதையை மணலோடு துணியில் முடிந்து உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டினார். அவ்வளவு நேர்த்தியாக ஏற்றிய கஞ்சி சுலபத்தில் வருவதாக இல்லை. அழுத்தினால் விதை பிளந்தது, அழுத்தாவிட்டால் மெழுகு போகவில்லை. நல்ல கைவேலைக்காரரைக் கட்டிக்கொண்டதற்கு என்னை நானே நொந்துகொண்டேன். இதையே அரைகுறையாகச் செய்கிற ஆள் பூசியிருந்தால் ஒரு கழுவில் போயிருக்கும். அவர் பூச்சு போன விதைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்து ஒதுக்கினார். அன்றைக்கு ஒரே ஒரு தடவை, ‘தங்கச்சிட்ட நான் சொல்லுதேன்’ என்றார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

தேய்த்ததில் கொஞ்சத்தை மறுபடி ஈரத்துணியில் வைத்தேன். பாதிக்குக் குறைவாக முளை காட்டியது. அதாவது பாதிக்கு மேல் போய்விட்டது. மீதியைத் தேவதானத்துப் பொடியில், ஆறிய அரிசிக் கஞ்சியில், அந்தப் பெண் சொல்லித் தந்தபடி நானே பூசினேன். சாக்கில் பரப்பியபோது அவர் வந்து நின்றார். ஒரு விதையை எடுக்கக் குனிந்தவர், எடுக்காமலே நிமிர்ந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை.

தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். வடம் கைமாறி, தேர் ரத வீதியைச் சுற்றி வருவதற்குள் நாங்கள் மூவரும் ஒரு பாத்திரக்கடை வாசலில் நிழலுக்கு ஒதுங்கினோம். விதைப் பொட்டலத்தை நான் தங்கச்சி கையில் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள். மணலில் தேய்ந்து கீறல் விழுந்து, பொடி அப்பி, விதை பார்க்கவே பரிதாபமாக இருந்தது. டம்ளரில் தந்ததில் பாதிகூட இல்லை என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். தேர்ச் சத்தத்தில் பாதியை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மெழுகு, மெழுகு என்று நான் கத்த, கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி, தேரைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

தங்கச்சி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதில் ஒரு ரிப்பனுக்காக என் முடியைப் பிடித்து இழுத்தவள் அவள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை அவரைத் திட்டி, மூன்று பேரும் சிரித்து முடித்திருப்போம். அவள் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“பரவால்லக்கா,” என்றாள். பிறகு அவரைப் பார்த்து, “அத்தான், வெயில்ல நிக்காதீங்க, இப்படி வாங்க,” என்றாள். அவர் பால்கோவா வாங்கி வருகிறேன் என்று கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு போனில் கேட்கும்போதெல்லாம் அவள் நல்லவிதமாகத்தான் பேசினாள். முளைத்திருக்கிறதா என்றால், முளைத்திருக்குக்கா என்பாள். எவ்வளவு என்றால், இருக்குக்கா என்பாள். கன்று நிற்கிறதா, படுக்கிறதா என்று கேட்டால், நிக்குதுக்கா, ஒண்ணும் படுக்கல என்பாள். அந்த ஒரு பதிலில் மட்டும் எனக்கு நெஞ்சு குளிரும். அந்தப் பொடியும் அந்தக் கஞ்சியும் வேலை செய்திருக்கின்றன. இதை அவரிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை வேண்டுமென்றே, அவர் டிவி பார்க்கும்போது குறுக்கே நின்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் அவருடைய பழைய தெம்பு திரும்பிவிட்டது. மெழுகும் மருந்தும் இல்லாமல் மரவள்ளிக் கஞ்சி மட்டும் காய்ச்சினால் என்ன என்று ஒரு நாள் காலையில் ஆரம்பித்தார். நான் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

கார்த்திகையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ராஜபாளையம் வந்த தங்கச்சி, அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தாள். வரும்போது ஒரு பெரிய துணிப்பை நிறைய எட்டுப்பட்டை வெண்டை கொண்டுவந்திருந்தாள். பட்டத்தின் கடைசிக் காலம் அது. விதைக்கு விட்ட காய்கள் முற்றிக் காய்ந்து வெடிக்கிற சமயம். காப்பி குடித்துக்கொண்டே, விதை எடுத்துவிட்டாயா என்று கேட்டேன். எடுத்தாச்சுக்கா என்றாள். இந்தத் தடவை வேலி நன்றாக அடைத்திருக்கிறாள், பன்றி வரவில்லை. விதை போதுமான அளவு இருக்கிறது. தைப் பட்டத்துக்கு எனக்கு ஒரு கை கொடு, பூச வேண்டியது இருந்தால் எல்லாவற்றையுமே கொண்டுவா, நானே கையால் பூசித் தருகிறேன் என்றேன். நானே என்பதை அழுத்திச் சொன்னேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்காமல், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“விதை எங்கிட்டயே இருக்கட்டும்க்கா. உனக்குக் காய் எம்புட்டு வேணும்னாலும் கேளு, நான் கொண்டாந்து தாரேன்.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். கொஞ்ச நேரத்தில், பஸ் போயிரும்க்கா என்று எழுந்துவிட்டாள். தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

வந்து பையைத் தரையில் கொட்டினேன். காய்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கண் தவறி, கை தவறி, ஒரு முற்றல் காய் உள்ளே விழுந்திருக்காதா என்று தேடினேன். ஒன்று போதும். ஒரு காயில் இருக்கிற விதை போதும், இரண்டு பட்டத்தில் தோட்டத்தை நிரப்பிவிடுவேன். பச்சைப் பசேலென்று, நுனியில் வாடிய பூகூட உதிராத பிஞ்சுகள். பறித்த அவள் கையை எனக்குத் தெரியும். அது கண் தவறுகிற கை இல்லை.

அவர் வந்து பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது. இன்னொன்றை எடுத்து ஒடித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஒண்ணுகூட முத்தல் இல்ல, பாத்தியாட்டி,” என்றார்.

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.